மூன்று விலைமனுக்கள்

கொள்வனவு விதி: மூன்று விலைமனு வேண்டும்.
மேசையில் வைத்திருக்கிறேன், கல் பாரம் ஏற்றி.
மின்விசிறி இழுத்துப் பார்க்கிறது.

ஒன்று கொழும்பு, பஞ்சிகாவத்தை.
நைலோன், நாலடி, பத்துத் தொன் தாங்குமாம்.
அந்த விலைக்கு ஒரு கறவைப் பசு வாங்கலாம்.
இரண்டாவது வவுனியா.
அதே அச்சு, அதே பற்கள், பாதி விலை,
கொம்பனிப் பெயரில் மட்டும் ஒரு எழுத்து மாறி.
மூன்றாவது மாங்குளம் வெல்டிங் கடை,
கொப்பி ஒற்றையில், பென்சிலால்:
'இரும்புத் தட்டு, ஓட்டை போட்டது, சோடி.
பாரத்துக்கு நான் பொறுப்பு. ஞானப்பிரகாசம்.'

மூன்றிலும் பொருளின் பெயர் மீட்புப் பலகை.
மீட்பு என்றால் ஒட்டுசுட்டானில்
முதலில் ஞாபகம் வருவது அடகுக்கடைத் துண்டு.
என் சங்கிலி ஐப்பசியில் மூழ்கப் பார்த்தது,
வட்டி கட்டித் தள்ளி வைத்திருக்கிறேன்.
மற்ற மீட்புகள் பிறகு.
அவற்றுக்கு இந்தப் படிவத்தில் பெட்டி இல்லை.

போன கிழமை இடதுகரைப் பாதையில்
கெப் தாண்டு போனது.
அச்சு மட்டும் சுரி.
பின்னால் தடுப்பூசிக் குளிர்ப்பெட்டி,
ஐஸ் மத்தியானம் வரைக்கும்தான்.
அமிர்தநாதன் இறங்கினான், குனிந்து பார்த்தான்,
காற்றைப் பாதி திறந்துவிட்டான், மண்வெட்டியால் வழித்தான்.
சில்லு இன்னும் ஒரு சாண் இறங்கிற்று.
ஓரத்தில் கல்லோ கட்டையோ எடுத்து வா என்றேன்.
அவன் ஓரத்தைப் பார்த்தான்.
சிவப்புத் தலை முளைகள்,
சாய்ந்தும் விழுந்தும், பதினைந்து மாரி குடித்தவை.
"ஓரம் எங்கட இல்லை, மிஸ்."

வாகனத்துக்குள் இருந்ததைத்தான் போட்டோம்.
கால்மிதி இரண்டு. என் குடை.
கடைசியில் கிளினிக்கின் பெயர்ப்பலகை.
சில்லு அதைக் கவ்வி ஏறிற்று,
நாங்கள் கையைத் தட்டிச் சிரித்தோம்.
திரும்பிப் பார்த்தால் பலகை இல்லை.
சேறு மூடி, மேலே தண்ணீர் தெளியத் தொடங்கியிருந்தது.
தோண்டட்டோ என்று கேட்டான்.
வேண்டாம் என்றேன்.
இந்த மண்ணில் தொலைந்ததைத் தோண்ட
நீதிமன்றக் கட்டளை எடுக்கவேண்டும்.

ஆகவே தெரிவு.

இரும்பு வேண்டாம் என்கிறான் அமிர்தநாதன்.
பாரம் ஒரு பக்கம்.
இன்னும் ஆட்கள் கருவி பிடித்து
நிலத்தைக் கேட்டுக்கொண்டு திரிகிறார்கள்,
எங்கள் தட்டு ஒன்று சேற்றுக்குள் போனால்
அவர்களுக்கு ஒரு நாள் வீண்,
ஒரு நாள் முழுக்க நெஞ்சிடி.

வவுனியாக்காரர் மாதிரிக்கு ஒன்று தந்தார்கள்.
முற்றத்துச் சேற்றில் போட்டுச் சில்லைச் சுழற்றினோம்.
பற்கள் உருகிப் பாகாகி டயரில் அப்பின.
தேநீர் முடியுமட்டும் பிளாஸ்டிக் மணம்.
மெதுவாக ஏற்றியிருந்தால் தாங்கியிருக்கும்.
பாம்பு கடித்த பிள்ளை பின்சீட்டில் கிடக்க
யார் மெதுவாக ஏற்றுவது?

கொழும்புப் பலகை ஏழு நிறத்தில் வருகிறது.
சிவப்பைத் தரையில் போட்டால்
இங்கே ஒருவரும் கால் வைக்கார்.
பச்சை என்றதும் அவன் முகம் வேறு பக்கம் திரும்பிற்று,
நான் கேட்கவில்லை.
கறுப்பு சேற்றோடு சேறு.
செவ்விளநீர் நிறம் ஒன்று இருந்தது.
அதைத் தொட்டுக் காட்டினான்.
நுனியில் துளை இருக்கிறதா, கயிறு கட்ட?
இருக்கிறது.
கயிறு கட்டினால் போன இடம் தெரியும்.

படிவத்தின் கடைசிக் கேள்வி:
குறைந்த விலையைத் தெரிவு செய்யாமைக்கான காரணம்.
ஒன்றரை வரி விட்டிருக்கிறார்கள்.
'நிறம்' என்று எழுதினேன்.
கணக்காய்வாளர் வருவார், கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார்,
வரட்டும், இடதுகரைக்குக் கூட்டிப்போவோம்.
எண்ணிக்கை: சோடி ஒன்று.

தோளுக்கு மேலாலே வாசித்தவன் சொன்னான்,
"சில்லு நாலு, மிஸ்."

வெளியே முதல் தூறல் தகரத்தில் விழுந்தது.
பேனையை மூடியிருந்தேன்,
திரும்பத் திறந்தேன்.